ஒன்பது நாள் காவி

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க" என்று யாராவது ஆரம்பித்தால், அடுத்து வரப்போவது தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம்தான். ஐம்பதைத் தாண்டியவளுக்கு இதுகூடத் தெரியாதா? எங்கள் மேனேஜர் அப்படித்தான் ஆரம்பித்தார். கண்ணாடி அறைக்குள் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டு, அவ்வளவு மரியாதையும் செய்துவிட்டுத்தான் சொன்னார்.

"வியாழக்கிழமை கிளையண்ட் விசிட் இருக்கு. நீங்கதான் ட்ரெயினிங் பத்திப் பேசணும். அன்னைக்கு ஒரு நாள் மட்டும் நார்மல் டிரெஸ்ல வந்துடுங்களேன்."

நான் என் சேலையைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். காவி நிறப் பருத்திச் சேலை. கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் கட்டியிருந்தேன். அதற்கு மேல் கம்பெனி அடையாள அட்டை நீலப் பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. இதில் நார்மல் இல்லாதது எது என்று எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்வதுகூடப் பொய். நன்றாகவே புரிந்தது, அதனால்தான் கோபம் வந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பெங்களூர்த் தமிழ்க் கத்தோலிக்கர் வீடுகளில், அதிலும் கண்டோன்மெண்ட் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் வீடுகளில், மாதா பிறந்தநாள் திருவிழா வந்தால் காவியும் வந்துவிடும். கோயிலில் கொடி ஏறிய நாளிலிருந்து ஒன்பது நாள் நவநாள் ஜெபம். நேர்ந்துகொண்டவர்கள் அந்த நாட்கள் முழுக்கக் காவி கட்டுவார்கள், கறி மீன் தொடமாட்டார்கள். பத்தாம் நாள் தேர். அந்த நாட்களில் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தால் ஒரே காவியாக இருக்கும். பழ வண்டிக்காரரிலிருந்து கண்டக்டர் வரை ஒருவரும் என்ன ஏது என்று கேட்கமாட்டார்கள். கொஞ்சம் வழிவிடுவார்கள், அவ்வளவுதான்.

எங்கள் ஆபீஸ் முன்பு அந்தப் பக்கம்தான் இருந்தது. அங்கே என் காவி யார் கண்ணிலும் உறுத்தியதில்லை. பிறகு கம்பெனி பெரிதாகிவிட்டது என்று வைட்ஃபீல்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தொம்மலூரில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஆபீஸ் பஸ்ஸில் போகவே ஒரு பொழுது ஆகிறது. கண்ணாடிக் கட்டடம், அட்டையைக் காட்டினால் திறக்கும் கதவு, எந்த ஊர் என்றே தெரியாத குளிர். அங்கே போன பிறகு வந்த முதல் திருவிழா இது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் போனில் கத்தும்போது எப்படிப் பொறுமையாகப் பேசுவது என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பொறுமையைப் பற்றி நான் பாடம் எடுக்கிறேன் என்று கேட்டால் என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

காவி கட்டிய அன்று வீட்டில் கிளம்பும்போதே முதல் சண்டை. என் மகள் பல் தேய்த்துக்கொண்டே வந்து பார்த்தாள்.

"அம்மா, இதோடயா ஆபீஸ் போற?"

"ஏன், இதுக்கென்னடி?"

"பக்தி மனசுல இருந்தா போதாதா? சும்மா சீன் போடாத."

"உங்கப்பா மேல எனக்கு இருக்கிற பிரியத்த மனசுக்குள்ளயே வெச்சிருந்தா உனக்கு டிபன் பாக்ஸ்ல என்ன இருந்திருக்கும்? காத்துதான்."

என் வீட்டுக்காரர் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். மகள் வாயில் நுரையோடு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு வேண்டுதல் என்று எதுவும் கிடையாது. வீடு, பிள்ளை, வியாதி என்று கேட்க வேண்டியதையெல்லாம் முன்பே கேட்டாயிற்று. சிலது கிடைத்தது, சிலது கிடைக்கவில்லை. இப்போது கட்டுவது நன்றிக்கு. அதைவிட, நான் யார் என்று நாலு பேருக்குத் தெரியட்டும் என்பதற்கு. நம் ஆட்களில் எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன்! கேண்டீனில் சாப்பாட்டுக்கு முன்னால் சிலுவை போடுவதைக் கொசு விரட்டுவதுபோலச் செய்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று நோட்டம் விடுகிறவர்கள். டிசம்பரில் ஸ்டாரை பால்கனிக்கு வெளியே கட்டாமல் ஹாலுக்குள் கட்டுகிறவர்கள். கேட்டால், "எதுக்கு வம்பு?" என்பார்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவைத்த கடைமாதிரி. திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியாமல் தேடி வந்தவன் திரும்பிப் போய்விடுவான்.

இதற்கு நேர்மாறானவர்களும் உண்டு. எங்கள் கோயில் பங்கில் ஒருவர் கார் முழுக்கச் சிலுவை ஒட்டி வைத்திருக்கிறார். சிக்னலில் அந்தக் கார் பின்னால் நின்றால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும், ஹாரனும் வசவும் அப்படி. அவர் இயேசுவைக் காட்டுகிறாரா, காட்டிக்கொடுக்கிறாரா என்று நானே அவரிடம் கேட்டிருக்கிறேன். அன்றிலிருந்து பூசையில் பக்கத்தில் இருப்பவருக்குச் சமாதானம் சொல்லும் நேரத்தில் அவர் என் பக்கம் திரும்புவதில்லை.

காவி கட்டினால் எனக்கு இருக்கும் பெரிய கஷ்டமே அதுதான். நான் சுபாவத்தில் சண்டைக்காரி. ஆனால் அந்தச் சேலைக்குள் இருக்கும்போது வாயைத் திறக்க முடியாது. ஆபீஸ் பஸ்ஸில் ஒரு பையன் தன் பையை வைத்து எனக்கு இடம் மறித்தபோது நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "கொஞ்சம் நகர்ந்துக்கோப்பா" என்றேன். எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை. மறைத்து வைத்திருந்தால் திட்டியிருப்பேன், ஒருவருக்கும் நஷ்டமில்லை. வெளியே தெரிகிறபடி கட்டிவிட்டால் நம்மை நாமே காவல் காக்க வேண்டியிருக்கிறது. அதற்காகவே எல்லோரும் கட்ட வேண்டும் என்பேன்.

ஆபீஸில் ஆளாளுக்கு ஒன்று கேட்டார்கள். "பழனிக்கா ஆன்ட்டி?" என்றாள் ஒரு பெண். வாசல் செக்யூரிட்டி, எந்தக் கோயில் விரதம் என்று கன்னடத்தில் விசாரித்தார். ஆசிரமத்தில் சேரப்போகிறேன் என்று ஒரு கதை கிளம்பியது. கிறிஸ்தவர்கள் காவி கட்டுவார்களா என்று ஒருவன் கம்ப்யூட்டரில் தேடியே பார்த்தானாம். எல்லோரிடமும் உட்கார்ந்து சொன்னேன். மாதாவைப் பற்றி, கொடியைப் பற்றி, தேரைப் பற்றி. கேட்டார்கள், "சூப்பர் ஆன்ட்டி" என்றார்கள், கேண்டீனில் எனக்காகச் சைவ வரிசையில் இடம் பிடித்து வைத்தார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

ஒன்றுமே கேட்காதவர் மேனேஜர் ஒருவர்தான். புதிதாக வந்தவர். நாற்பதைத் தொட்டிருப்பார். ஆனேக்கல் பக்கத்துத் தமிழர், எங்களிடம் தமிழும் மற்றவர்களிடம் கன்னடமும் தடங்கலில்லாமல் பேசுவார். நல்ல மனிதர், யாரையும் அதட்டமாட்டார். அவர்தான் இப்போது எதிரே உட்கார்ந்து பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"சார், போன கார்த்திகையில நம்ம டீம்லயே ரெண்டு பேர் மாலை போட்டுக் கறுப்பு வேட்டியில வந்தாங்க. செருப்புகூடப் போடல. எல்லாரும் சாமி சாமின்னு கூப்பிட்டாங்க. நானும்தான் கூப்பிட்டேன். எனக்கு அது சந்தோஷமா இருந்துச்சு. அப்ப கிளையண்ட் வரலயா?"

"அது வேற மேடம்."

"என்ன வேற?"

அவர் பேனாவை மேசையில் வைத்தார். "எல்லாத்தையும் வெளிய காட்டிக்கணும்னு அவசியமில்லயே. உள்ள வெச்சுக்கலாமே. அதுவும் எட்டாந்தேதியோட முடிஞ்சிடப் போகுது" என்றார்.

"மாத்தமாட்டேன் சார். பேசச் சொன்னா இதுலதான் பேசுவேன். வேணாம்னா வேற ஆளப் பாத்துக்கோங்க."

வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். நான் மாசக்கணக்கில் உட்கார்ந்து தயார் செய்ததை என்னிடம் பயிற்சி எடுத்த ஒரு பெண் எழுந்து நின்று பேசினாள். நான் கடைசி வரிசையில், தண்ணீர் கேன் பக்கத்தில். அவள் ஒரு இடத்தில் தடுமாறியபோது எனக்குத்தான் கை பரபரத்தது. வந்திருந்த வெள்ளைக்காரப் பெண்மணி வெளியே போகும்போது என் அருகில் நின்று, அழகான சேலை என்று சொல்லிவிட்டுப் போனாள். மேனேஜர் அதைக் கேட்காததுபோல லிஃப்ட் பொத்தானை அழுத்தினார். வயிறு எரிந்தது எனக்கு. எரிந்து என்ன செய்ய, காவியில் இருக்கிறேனே! பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தேன். பாதி மணி ஜெபத்துக்கு, பாதி மணி அந்த மனுஷனைச் சபிக்காமல் இருப்பதற்கு.

மாரத்தஹள்ளியில் பஸ் நகராமல் நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. எட்டாம் தேதி என்று அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்? நான் அவரிடம் தேதி எதுவும் சொல்லவே இல்லையே.

திருவிழாவுக்கு முந்தின நாள் மதியம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவித் திரும்பினால், படிக்கட்டுப் பக்கம் மேனேஜர் நிற்கிறார். லிஃப்ட் இருக்கும் கட்டடத்தில் படிக்கட்டில் ஈ காக்கை இருக்காது. ஷேவ் செய்யாத முகம், சட்டை கசங்கியிருந்தது. நான் மறுபடியும் ஏதோ சேலைப் பஞ்சாயத்து என்று நினைத்து இடுப்பில் கை வைத்துக்கொண்டேன்.

"அக்கா" என்றார்.

அதுவரை மேடம். எனக்குக் கை தானாகக் கீழே இறங்கிவிட்டது.

"எங்கம்மாவ இங்கதான் பக்கத்துல ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். நுரையீரல்ல சளி. நாளைக்குக் காலையில டியூப் போட்டுத் தூங்க வெக்கிறேன்னு சொல்றாங்க. எழுந்திருப்பாங்களான்னு டாக்டரே சொல்லல." கீழே யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். "சாமியாரைக் கூட்டிட்டு வான்னு கேக்கறாங்க. நேத்துலேர்ந்து அதையேதான் கேக்கறாங்க. அவஸ்தை பூசணும்னு."

அவஸ்தை பூசுவது என்றால் சாகக் கிடப்பவர்களுக்குச் சாமியார், அதாவது கோயில் ஃபாதர், வந்து நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசி நற்கருணை அப்பம் கொடுப்பது. இப்போது நோயில்பூசுதல் என்கிறார்கள். பழைய பேரைச் சொல்ல வேண்டுமென்றால் பூசைக்குப் போன வீட்டில் வளர்ந்திருக்க வேண்டும். நான் அவர் பக்கத்தில் போனேன்.

"நீங்க நம்ம ஆளா?"

தலையை ஆட்டினார். அப்புறம் படியில் உட்கார்ந்தே சொன்னார். அவர் பேரை வைத்து எந்த மதம் என்று சொல்லிவிட முடியாது. காதலித்து ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டார். மனைவி கன்னடக்கார இந்துக் குடும்பம். மனைவிக்குத் தெரியும், அவள் பிறந்த வீட்டாருக்குத் தெரியாது. முதலில் சொல்லப் பயம், பிறகு சொல்லாமல் விட்டதைச் சொல்லப் பயம். அம்மா விதவை, பொட்டு வைக்காத நெற்றியை யாரும் சந்தேகப்படவில்லை. சம்பந்தி வீட்டார் வரும்போதெல்லாம் ஜெபமாலையைத் தலையணைக்கு அடியில் வைக்கச் சொல்லியிருக்கிறார். உள்ள வெச்சுக்கோம்மா, உள்ள வெச்சுக்கோம்மா என்று வருஷக்கணக்காக. அந்தம்மாவும் மகனுக்காக வைத்துக்கொண்டார்கள்.

"எனக்குக் கோயில் பக்கம் போயே ரொம்ப நாளாச்சு. எந்தச் சாமியாரையும் தெரியாது. இந்த ஊர்ல யார்கிட்டப் போய் நிக்கிறதுன்னே தெரியல அக்கா. நீங்க ஒருத்தர்தான் கண்ணுக்குத் தெரிஞ்சீங்க."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வெள்ளைக்காரி முன்னால் மறைத்து வைத்த சேலை இப்போது தெரிகிறதா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. போனை எடுத்தேன். கண்டோன்மெண்ட் பக்கத்துச் சாமிமார்கள் திருவிழாக் கூட்டத்தில், பாவமன்னிப்புக் கேட்க நிற்கும் பாவசங்கீர்த்தன வரிசையில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து வைட்ஃபீல்டுக்கு அன்றைக்கு யார் வர முடியும்? ஒருவரைக் கேட்டு, அவர் இன்னொருவர் நம்பர் கொடுத்து, கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துப் பங்கில் ஒரு இளம் தமிழ்ச் சாமியார் கிடைத்தார். மாலை பார்வையாளர் நேரத்துக்கு வந்துவிடுகிறேன் என்றார்.

போனை வைப்பதற்குள் மேனேஜர் என் கையைத் தொட்டார். "அக்கா, அங்க மாமனார் இருப்பாரு. அவரோட அக்காவும் இருப்பாங்க. ஃபாதர அங்கி போடாம, சாதாரண டிரெஸ்ல வரச் சொல்லுங்களேன். பிரெண்டுன்னு சொல்லிக்கறேன்."

பாருங்கள்! பெற்றவள் சாகக் கிடக்கிறாள், இந்த மனுஷனுக்கு டிரெஸ். பளாரென்று ஒன்று கொடுக்கலாம் போலிருந்தது. ஆனால் அந்தம்மாவுக்குச் சாமியார் வந்தாக வேண்டும், நான் சண்டை போட்டு அது நின்றுபோகக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு போனில் சொன்னேன். சாமியார் சிரித்தார். நான் எப்பவும் சட்டை பேண்ட்தான்மா, பிரச்சினையில்லை என்றார். மேனேஜரின் கண் என் சேலைப் பக்கம் போனது.

"என்னை மட்டும் கேக்காதீங்க" என்றேன். அவர் கேட்கவில்லை. நான் வெளியே வராந்தாவில் நிற்பது என்று பேசாமலே முடிவாயிற்று.

சாயங்காலம் ஆஸ்பத்திரி. தனி அறை, கதவில் சதுரமாகக் கண்ணாடி. அதன் வழியாக உள்ளே பார்த்தேன். கட்டிலில் சின்ன உருவம். மூக்கையும் வாயையும் மூடி ஆக்ஸிஜன் மாஸ்க். மாஸ்க் மாட்டுவதற்காகக் காது மெஷினைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார்கள். தலைமாட்டில் மருமகள். சோபாவில் மாமனார், வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய மூன்று பட்டை விபூதி. அவர் பக்கத்தில் அவருடைய அக்கா, கழுத்தில் துளசி மாலை. ஆஸ்பத்திரியில் அவ்வளவு பேர் வந்துபோகிறார்கள், அந்தப் பெரியவரிடம் யாராவது விபூதியை அழித்துவிட்டு வாருங்கள் என்று சொல்வார்களா? சொல்லத்தான் தோன்றுமா?

சாமியார் கோடு போட்ட சட்டையில் உள்ளே போனார். இவர் அவரை நண்பர் என்று அறிமுகம் செய்தார். சாமியார் கட்டில் பக்கத்தில் குனிந்து தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். அந்தம்மா வெறித்துப் பார்த்தார்கள். அன்று காலையிலிருந்து எத்தனை டாக்டர், எத்தனை ஊசி. இவரும் இன்னொருவர் என்று நினைத்துவிட்டார்கள். சாமியார் பாக்கெட்டிலிருந்து சின்ன எண்ணெய் டப்பாவை எடுத்ததும் இரண்டு கையையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். சாமியார் தோளைத் தொட்டார். உடம்பு இன்னும் சுருங்கியது.

மகன் அம்மாவின் காதருகே போனார். மாமனாருக்குக் கேட்கக் கூடாதென்று வாயைக் கையால் மறைத்துக்கொண்டு கிசுகிசுத்தார். மெஷின் இல்லாமல் இடி விழுந்தாலும் கேட்காத அம்மாவிடம் ரகசியம் பேசுகிறார்! ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. அந்தம்மா தலையை ஆட்டிக்கொண்டே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்க்குக்குள் உதடு அசைந்தது. சாமியாரைக் கூட்டிட்டு வா என்றுதான் சொல்லியிருப்பார்கள். சாமியாரோ ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். சோபாவில் இருந்த இருவரும் நிமிர்ந்தார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய், அந்தம்மாவுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றேன்.

அந்தம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. சேலையைத்தான் பார்த்தார்கள். முந்தானையில் ஆரம்பித்து மெதுவாக மேலே வந்த கண் என் கழுத்து ஜெபமாலையில் நின்றது. போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து மாஸ்க்கை இழுத்தது.

"கொடி ஏறிடுச்சா?"

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. ஒன்பது நாளாக அடக்கி வைத்த தொண்டையைத் திறந்தேன். "ஏறிடுச்சும்மா! நாளைக்குத் தேரு! சாமியார் வந்திருக்காரு, இதோ நிக்கறாரு பாருங்க!" என்று அந்த மாடி முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். நர்ஸ் ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். சாமியார் யாரையும் அனுமதி கேட்கவில்லை. பைக்குள் சுருட்டி வைத்திருந்த, சாமியார்கள் ஜெபத்துக்குப் போடும் நீள ஊதாத் துண்டை எடுத்து, முத்தமிட்டு, கோடு போட்ட சட்டைக்கு மேல் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

அந்தம்மா அதைப் பார்த்தார்கள். போர்வையை விலக்கி இரண்டு உள்ளங்கையையும் மேலே பார்க்க விரித்து நீட்டினார்கள். ஊசி குத்திக் கறுத்துப்போன கைகள். நடுங்கவே இல்லை.

சாமியார் நெற்றியில் பூசினார், கைகளில் பூசினார். ஜெபத்துக்கு மறுமொழி சொல்ல ஆள் வேண்டும். நான் சொன்னேன். மகன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து முணுமுணுத்தார். அந்தம்மாவின் கண் என்னை விட்டு, சாமியாரை விட்டு, மகன் வாயிலேயே போய் நின்றது. அசைகிறது, கேட்கவில்லை. அவர் நிமிர்ந்தார். அம்மாவின் கண்ணைப் பார்த்தார். பிறகு மாமனாரைப் பார்த்தார்.

"அம்மாவுக்குக் கேக்கலப்பா" என்றேன். "கேக்கற மாதிரி சொல்லு."

மகன் நெற்றியில் கை வைத்துப் பெரிதாகச் சிலுவை போட்டார். பரலோகத் தந்தையைக் கூப்பிடும் அந்த ஜெபத்தை, சின்ன வயதில் அம்மா மடியில் உட்கார்ந்து கற்றதை, கத்திச் சொன்னார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. மறுபடி எடுத்துச் சொன்னார். முடிந்ததும் சாமியார் நற்கருணையில் ஒரு துணுக்கு கிள்ளிக் கொடுத்தார். அந்தம்மா வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார்கள்.

மாமனாரின் அக்கா பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். போகட்டும். எல்லோரும் கைதட்டுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெரியவர் மட்டும் எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தாரோ தெரியாது, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். மருமகனிடம் வந்தார்.

"யாக்கப்பா நம்மிந்த முச்சிட்டே?" என்றார். ஏனப்பா எங்களிடம் மறைத்தாய் என்று. கோபமாகக் கேட்டிருந்தால் மருமகனுக்குத் தாங்கியிருக்கும். "நாவே கர்க்கொண்டு பர்த்தித்வல்லா." நாங்களே சாமியாரைக் கூட்டி வந்திருப்போமே என்கிறார்.

மருமகன் பெரியவரின் வெறும் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கென்ன, நம் ஆட்களில் யாருக்குமே அந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது. ஊர் என்ன சொல்லுமோ என்று நாமே நினைத்துக்கொண்டு, ஊரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், பெற்றவளைத் தலையணைக்கு அடியில் ஜெபமாலையை ஒளிக்க வைக்கிறோம். சரி, ஊர் மோசமாகவே சொல்லட்டும். சொல்லிவிட்டுப் போகட்டுமே! சில ஊரில் அடிகூட விழுகிறது, எனக்குத் தெரியாமல் இல்லை. அதற்காக? நான் கட்டுவது அடிப்பவனுக்காக அல்ல. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் ஒருத்திக்காக. அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு என்னைத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் டியூப் போட்டார்கள். நான் தேருக்குப் போய் முண்டியடித்து ஒரு மெழுகுவத்தி அந்தம்மா பேரில் ஏற்றினேன். அந்த வாரத்திலேயே போய்விட்டார்கள், கண் திறக்காமலே. அடக்கத்துக்கு விபூதிப் பெரியவர் வந்திருந்தார். ஊர்வலத்துக்கு முன்னால் சிலுவையைத் தூக்கிக்கொண்டு நடந்தது மகன். மெயின் ரோட்டில், பட்டப்பகலில், ஆபீஸ் ஆட்கள் அத்தனை பேரும் பார்க்க. என் மகளும் என்னோடு வந்தாள். சீன் என்ற வார்த்தையை அன்று அவள் எடுக்கவில்லை.

லீவு முடிந்து வந்த அன்று மேனேஜர் என் மேசைக்கே வந்தார். எல்லோரும் இருக்கும்போதே பேசினார்.

"அக்கா, அந்த மீட்டிங் விஷயத்துல நான் பண்ணது..."

"அடுத்த வருஷமும் கட்டுவேன். மீட்டிங்க எந்தத் தேதியில வேணா வெச்சுக்கோங்க."

சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மொட்டையடித்த தலையைத் தடவிக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கறேன். மெஷின் இல்லாம இருந்தாங்களே. அன்னைக்கு நான் சொன்ன ஜெபம் அம்மாவுக்குக் கேட்டிருக்குமா?"

எனக்கு எப்படித் தெரியும்? கேட்டிருக்கும் என்று சமாதானத்துக்குச் சொல்லலாம். காவி கட்டாத நாளில்கூட எனக்குப் பொய் வராது.

"கேட்டுச்சோ இல்லியோ" என்றேன். "நீ சிலுவை போட்டதப் பாத்தாங்க."